மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்: இரண்டு குழுப் பயண விபத்துகள் பற்றிய ஆய்வு

2019 ஜூன் 21, வெள்ளிக்கிழமை மாலை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வாஷிங்டன் சிகரத்துக்கு வடக்கே, மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் ராண்டால்ஃப். அதன் வழியாகப் போகிற யூஎஸ் 2 சாலையில் இருபக்கப் போக்குவரத்துக்கும் நடுவே தடுப்புச் சுவர் கிடையாது. மஞ்சள் கோடு மட்டும்தான். கடற்படைக் காலாட்படையில் பணியாற்றியவர்களும் அவர்களது துணைவர்களும் சேர்ந்து நடத்தும் ஜார்ஹெட்ஸ் என்ற மோட்டார்சைக்கிள் கிளப் அன்று அங்கே ஒரு விடுதியில் கூடியிருந்தது. பக்கத்து ஊரான கோரமில், முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜனின் கூடத்தில் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சி. அதற்காக எல்லோரும் வரிசையாகக் கிளம்பினார்கள். விடுதியைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். எதிரே ஒரு ராம் 2500 பிக்கப் வண்டி வந்தது. பின்னால் கார் ஏற்றிச் செல்லும் தட்டையான டிரெய்லர், காலியாக. ஓட்டியவருக்கு 23 வயது. மோதலில் ஏழு பேர் இறந்தார்கள்: ஐந்து ஆண்கள், இரண்டு பெண்கள். 42 வயதிலிருந்து 62 வயது வரை உள்ளவர்கள். அவர்களில் ஒரு தம்பதியும் உண்டு.

குழுவாக வண்டி ஓட்டுகிற எவரும் இந்த விபத்தைத் துருவிப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இறந்தவர்கள் ஒன்றும் நேற்று லைசென்ஸ் வாங்கிய பையன்கள் இல்லை. ஒழுங்கு என்பதை உடம்பில் ஏற்றிக்கொண்டவர்கள். அப்படிப்பட்டவர்களின் வரிசையை ஒரே ஒரு வண்டி சில நொடிகளில் குலைத்துப் போட்டது எப்படி என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்ன முடிவு தெளிவாக இருந்தது. பிக்கப் வண்டி நடுக்கோட்டைத் தாண்டியது, ஓட்டுநர் பல போதைப் பொருட்களின் பிடியில் இருந்தார் என்றது வாரியம். ஆனால் 2022 ஆகஸ்டில் வழக்கு ஜூரி முன் வந்தபோது, ஏழு மரணங்களுக்கான குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவர் விடுவிக்கப்பட்டார். மோதல் சரியாக எந்த இடத்தில் நடந்தது என்பதிலேயே நிபுணர்களிடம் கருத்து வேறுபாடு இருந்தது. வரிசையின் முன்னால் போனவர் குடித்திருந்தார், திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார், வண்டி கட்டுப்பாட்டை இழந்து பிக்கப்புக்கு முன்னால் சரிந்தது என்று பிக்கப் ஓட்டுநரின் வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். முன்னால் போன அந்த பைக்காரரின் ரத்தத்தில் ஆல்கஹால் 0.135 சதவீதம் இருந்ததாகப் பரிசோதனை காட்டியது. அங்கே சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.08. நம் நாட்டில் இன்னும் குறைவு, 0.03தான்.

யார் சரி, யார் தவறு என்று இங்கே நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை. வாரியமும் ஜூரியும் எதிரெதிர் திசையில் போய்விட்டார்கள்; குடும்பங்களுக்கு அது ஆறாத ரணம். ஆனால் நீதிமன்றத்தில் சர்ச்சையான ஒவ்வொன்றும் நம் ரைடுகளில் வாரந்தோறும் நடக்கிறது. முன்னால் போகிறவர் நடுக்கோட்டை ஒட்டி ஓட்டுகிறார். முன்னால் போகிறவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார். மதியச் சாப்பாட்டோடு ஒரு பீர் உள்ளே போகிறது. நாம் அலச வேண்டியது இவற்றைத்தான்.

ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. அந்த ஓட்டுநர் விபத்துக்கு ஆறு வாரம் முன்னால், மே மாதத்தில், கனெக்டிகட்டில் போதையில் வண்டி ஓட்டியதாகக் கைதாகியிருந்தார். அந்தத் தகவல் அவருக்கு லைசென்ஸ் கொடுத்த மாசசூசெட்ஸ் வாகனப் பதிவுத் துறைக்குப் போயும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. தோண்டிப் பார்த்தால், பிற மாநிலங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான அறிவிப்புகள் பார்க்கப்படாமலே கிடந்தன. விபத்து நடந்த சில நாட்களில் துறைத் தலைவர் பதவி விலகினார். எதிரே வருகிற ஓட்டுநரை வடிகட்டி அனுப்ப எந்த ரைடு கேப்டனாலும் முடியாது. அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் நம் வரிசை தாக்குப்பிடிக்கிறதா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

நம் பிரீஃபிங் எதைப் பற்றியது?

காலை ஐந்து மணிக்கு பெட்ரோல் பங்க் வாசலில், கிளம்பும் முன் விதிகளைச் சொல்லும் பிரீஃபிங்கை நினைத்துப் பாருங்கள். ஸ்டேகர்டாக வாங்க, ஒருத்தர் வலப்பக்கம் ஒருத்தர் இடப்பக்கம். பக்கத்தில் பக்கத்தில் ஓட்டாதீங்க. முன்னால் வழி நடத்திப் போற லீடை ஓவர்டேக் பண்ணாதீங்க. கை சிக்னலைப் பின்னால் கடத்துங்க. எல்லாமே தேவையான விதிகள்தான். ஆனால் இவை அத்தனையும் நம் வண்டி நம் வண்டியோடு மோதாமல் இருப்பதற்கான விதிகள். கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதைப் பற்றி இவற்றில் ஒரு வரிகூட இல்லை. ராண்டால்ஃபில் ஏழு பேரைக் கொன்றது அந்தப் பக்கத்திலிருந்து வந்ததாகத்தான் வாரியம் சொல்கிறது.

இந்த விதிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் வெளியிட்ட குழுப் பயண வழிகாட்டியிலிருந்து உலகம் முழுக்கப் பரவியவை. ஸ்டேகர்டு வரிசையில் உங்களுக்கு முன்னால் மறுபக்கத்தில் போகிறவருக்கும் உங்களுக்கும் குறைந்தது ஒரு விநாடி, உங்கள் நேர்க்கோட்டில் போகிறவருக்கும் உங்களுக்கும் இரண்டு விநாடி இடைவெளி என்கிறது அது. அதே வழிகாட்டி இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறது. நாம் அவற்றை மட்டும் வசதியாக விட்டுவிட்டோம். ஒரு குழுவில் ஐந்திலிருந்து ஏழு பேர் இருப்பதே நல்லது, அதற்கு மேல் போனால் சிறு குழுக்களாகப் பிரியுங்கள் என்பது ஒன்று. வளைவிலும், பார்வை மறைகிற இடத்திலும், சாலை மோசமான இடத்திலும் ஒற்றை வரிசைக்கு மாறுங்கள் என்பது இன்னொன்று.

இடைவெளி ஏன் உயிர் விஷயம் என்பதைக் கணக்காகப் பார்த்தால் புரியும். நீங்கள் மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிறீர்கள் என்றால் விநாடிக்கு 22 மீட்டர் நகர்கிறீர்கள். எதிரே வருகிற வண்டியும் 80 என்றால், இருவரும் ஒருவரை ஒருவர் விநாடிக்கு 44 மீட்டர் வேகத்தில் நெருங்குகிறீர்கள். ஸ்டேகர்டு வரிசையில் ஒரு விநாடி இடைவெளி என்றால் வண்டிக்கு வண்டி 22 மீட்டர். ஆக, கோடு தாண்டி வந்த வண்டி நம் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு விநாடியிலும் இரண்டு பைக்குகளைச் சந்திக்கிறது. தடுமாறி மூன்று விநாடி நம் பக்கத்தில் இருந்தால் ஆறு பைக். பின்னால் டிரெய்லர் வேறு தொங்கினால், முன்வண்டிக்குத் தப்பியவரை அது வாரிக்கொண்டு போகும். இரண்டு விநாடி இடைவெளியில் ஒற்றை வரிசையாகப் போயிருந்தால் அதே மூன்று விநாடியில் மூன்று பைக். இந்த வித்தியாசத்துக்குத் திறமையோ விலையுயர்ந்த ஜாக்கெட்டோ தேவையில்லை. இடைவெளி விட்டால் போதும்.

ராண்டால்ஃப் வரிசையில் அன்று எவ்வளவு இடைவெளி இருந்தது என்பதைக் கொண்டு நான் எதையும் வாதிடவில்லை. ஆனால் விடுதியையோ பங்க்கையோ டீக்கடையையோ விட்டுக் கிளம்பும் முதல் சில நிமிடங்களில் எந்தக் குழுவும் நெருக்கியடித்துத்தான் போகும். எல்லோரும் வந்துவிட்டார்களா என்ற பதற்றம், கூட்டத்தின் உற்சாகம், இன்னும் வேகம் எடுக்காத வண்டிகள். நான் பெரும்பாலும் ஸ்வீப்பாக, கடைசி ஆளாகப் போகிறவன். அங்கிருந்து பார்த்தால் முதல் இரண்டு கிலோமீட்டரில் கல்யாண ஊர்வலம் மாதிரிதான் தெரியும்.

லீட் எங்கே ஓட்ட வேண்டும்?

நம் ஊரில் பல குழுக்கள் அமெரிக்க வரைபடத்தை அப்படியே எடுத்துப் பயன்படுத்துகின்றன. அதில் லீட் இடப்பக்கம் இருப்பார். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. இடப்பக்கம் என்றால் நடுக்கோட்டை ஒட்டிய பகுதி. நம் நாட்டில் அது தலைகீழாக வர வேண்டும், லீட் வலப்பக்கம் போக வேண்டும். எந்த நாடாக இருந்தாலும் லீடுக்குக் கொடுக்கப்படும் இடம் எதிர்ப் போக்குவரத்துக்கு மிக அருகே இருக்கும் இடம்தான். முன்னால் இருப்பது தூரத்திலிருந்தே தெரியும், எதிரே வருகிறவருக்கும் அவரைத் தெரியும் என்பது அதன் காரணம். செங்கல்பட்டிலிருந்து திருச்சி வரையுள்ள நாலுவழிச் சாலையில், நடுவே தடுப்பு இருக்கும்போது, அது நல்ல இடம். எதிரே யாரும் வரப் போவதில்லை.

தடுப்பில்லாத சாலையில் அதே இடம் ஆபத்தானது. எதிரே வருகிற லாரி அரை மீட்டர் கோடு தாண்டினாலே லீடின் ஹேண்டில்பார் அதன் வழியில் நிற்கும். அவருக்குப் பின்னால் அதே கோட்டில் வரும் மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது ஆட்களுக்கும் அதே கதிதான். ராண்டால்ஃப் வழக்கில் நிபுணர்கள் சண்டை போட்டது இந்தச் சிறு அளவுகளைப் பற்றித்தான்: பிக்கப்பின் சக்கரம் கோட்டுக்கு எவ்வளவு இந்தப் பக்கம், பைக் கோட்டுக்கு எவ்வளவு நெருக்கம். அந்த அளவுகளை நம்பி உயிரை வைக்கவே கூடாது. தடுப்பில்லாத சாலையில் ஸ்டேகர்டு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எல்லோரும் ஒற்றை வரிசை, தங்கள் பாதையின் நடுவில் அல்லது சற்று இடப்பக்கம். வரிசை நீளுமே என்பார்கள். நீளட்டும், குழுவைச் சிறிதாக்குவோம்.

அடுத்தது பின்னால் திரும்பிப் பார்ப்பது. லீட் ஏன் திரும்பிப் பார்க்கிறார்? யாராவது விட்டுப்போய்விட்டார்களா என்ற கவலை. இருபது பேரின் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒருவரால் சாலையையும் பார்க்க முடியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை விநாடி தலையைத் திருப்பினால் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போன மாதிரி. திரும்பாதீர்கள் என்று சொன்னால் மட்டும் இது நிற்காது. திரும்பிப் பார்க்கும் தேவையே இல்லாதபடி பயணத்தை அமைக்க வேண்டும்.

அதற்கு ஒரு நல்ல முறை இருக்கிறது, பல நாடுகளில் நன்றாகத் தேறிய முறை. திருப்பம் வரும் ஒவ்வொரு இடத்திலும் லீடுக்கு அடுத்து வருகிறவர் பாதுகாப்பாக ஓரம் கட்டி நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்டுகிறார். லீட் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறார். ஸ்வீப் வந்து சேரும்வரை, ஓரம் கட்டி நிற்பவர் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. ஸ்வீப்பைப் பார்த்ததும் அவருக்கு முன்னால் வரிசையில் சேர்ந்துகொள்கிறார். அடுத்த திருப்பத்தில் அடுத்த ஆள். இதில் யாரும் யாரையும் கண்ணில் வைத்திருக்கத் தேவையில்லை. முன்னால் போகிறவர் மறைந்துவிட்டாலும் நேராகப் போனால் போதும், திரும்ப வேண்டிய இடத்தில் நம் ஆள் நிற்பார் என்ற தெம்பு வந்துவிட்டால், துரத்தல் தானாக நிற்கிறது. ஸ்வீப்புக்குப் பளிச்சென்று தெரிகிற ஜாக்கெட் இருக்க வேண்டும், எல்லோருக்கும் அவர் முகம் தெரிய வேண்டும். புதிதாக வந்தவர் வேறு யாரையோ ஸ்வீப் என்று நினைத்து நகர்ந்துவிட்டால் பின்னால் வரும் ஆட்கள் வழி தவறிவிடுவார்கள்.

ஒக்கோட்டியோ: நீளமே ஆபத்தானபோது

இரண்டாவது விபத்து ஒன்பது ஆண்டுகள் முந்தையது. 2010 நவம்பர் 13, சனிக்கிழமை. கலிஃபோர்னியாவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய பாலைநிலம். ஒக்கோட்டியோ என்ற ஊருக்கு அருகே, இம்பீரியல் கவுண்டியின் 98ஆம் எண் மாநிலச் சாலையில் சேடில்ட்ராம்ப்ஸ் என்ற கிளப்பின் வரிசை போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்த ஹோண்டா சிவிக் கார், இரட்டை மஞ்சள் கோட்டைத் தாண்டி அந்த வரிசையை முந்தப் பார்த்தது. எதிரே வந்த டாட்ஜ் அவெஞ்சரின் ஓட்டுநர் நேருக்கு நேர் மோதலைத் தவிர்க்க மண் ஓரத்தில் இறக்கினார். அங்கே பிடி நழுவி, கார் சுழன்றபடி சாலைக்குத் திரும்பி, பைக்குகளின் மேல் பாய்ந்தது. பைக்கில் வந்த நால்வரும் அவெஞ்சரில் இருந்த ஒரு பெண்ணும் இறந்தார்கள். சிவிக் எதன் மேலும் மோதவில்லை, நிற்கவும் இல்லை.

சிவிக் ஓட்டுநர் செய்தது குற்றம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அப்படியொருவர் எங்கள் வரிசைக்குப் பின்னாலும் ஒவ்வொரு ஞாயிறும் இருக்கிறார். அவர் இடத்தில் இருந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது பைக், ஒரு விநாடி இடைவெளி, வேகம் 80. முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவே ஏறத்தாழ 420 மீட்டர். பின்னால் வரும் கார் 100இல் முந்தினால் வித்தியாசம் மணிக்கு 20 கிலோமீட்டர், விநாடிக்கு ஐந்தரை மீட்டர். வரிசையைக் கடக்க 76 விநாடி. அதற்குள் கார் 2 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். எதிரே 80இல் வரும் வண்டி 1.7 கிலோமீட்டர் வந்திருக்கும். ஆக, பாதுகாப்பாக முந்த அவருக்கு முன்னால் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் காலியான சாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். நம் தடுப்பில்லாத சாலைகளில் அப்படியொரு இடமே கிடையாது. அவர் பாதியில் எதிர்வண்டியைப் பார்ப்பார். வேறு போக்கிடம் இல்லாமல் நம் வரிசைக்குள் நுழைவார். அல்லது அவெஞ்சர் செய்ததை எதிரே வருகிறவர் செய்வார்.

அதே இடத்தில் ஐந்து பைக் மட்டும் என்றால் வரிசை 90 மீட்டர், 16 விநாடி, தேவைப்படும் காலிச் சாலை 800 மீட்டர். முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டுச் சேர்த்தாலும் ஒரு கிலோமீட்டர் சொச்சம். அது கிடைக்கிற இடங்கள் உண்டு. கிடைக்காவிட்டால், அடுத்த குழுவுக்கு முன்னால் அவர் நிம்மதியாக நுழைந்துகொள்ள இடம் இருக்கிறது. பின்னால் வருகிறவருக்கு இடம் கொடுப்பது மரியாதை மட்டுமில்லை, அது நம் உயிர்க்காப்பு.

ஆகவே இருபது பேர் வந்தால் நான்கு குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் தனி லீட், தனி ஸ்வீப், கிளம்புவதில் இரண்டு மூன்று நிமிட வித்தியாசம். சந்திக்கும் இடம் முன்கூட்டியே பேசி வைத்தது. இதைச் சொன்னால் முதலில் வரும் எதிர்ப்பு எனக்கு நன்றாகத் தெரியும்: அப்புறம் என்ன குரூப் ரைடு? எல்லா வண்டியும் ஒன்றாகப் போகும் அந்தச் சத்தம், ஊர்ச் சிறுவர்கள் கையசைப்பது, வீடியோவில் தெரிகிற நீண்ட வரிசை, அதன் கெத்து. எனக்கும் அது பிடிக்கும். கிளம்பும் இடத்தில், சாலைக்கு வெளியே, எல்லா வண்டிகளையும் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாலையில் பிரிந்து போங்கள். சிலர் குறுக்குச் சாலைகளில் பைக்கை நிறுத்தி மற்ற வண்டிகளை மறித்து, வரிசை பிரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்த அதிகாரம் இல்லை. சிக்னல் விழுந்தால் வரிசை பிரியட்டும். திருப்பத்தில் நிற்கும் ஆள் முறை இருந்தால் பிரிவதில் ஒரு நஷ்டமும் இல்லை.

வால் பக்கம் நடப்பது

நீண்ட வரிசையின் இன்னொரு தீங்கு லீடுக்குத் தெரியவே தெரியாது, கடைசியில் வருகிறவருக்குத்தான் தெரியும். ஊருக்குள் ஒரு வேகத்தடை. லீட் 20இல் ஏறி இறங்கி, உடனே 80க்குப் போகிறார். ஒவ்வொருவரும் இரண்டு விநாடி தாமதித்தால் இருபதாவது ஆள் தடையைத் தாண்ட 38 விநாடி. அதற்குள் லீட் 800 மீட்டருக்கு மேல் முன்னால் போய்விட்டார். வரிசையின் இயல்பான நீளம் 420 மீட்டர்தான் என்பதால் கடைசி ஆள் மீதி தூரத்தைப் பிடிக்க 100இல் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். அதற்குள் அடுத்த வேகத்தடை. லீடிடம் கேட்டால், நாம் 80ஐத் தாண்டவே இல்லையே என்பார். அவர் சொல்வது உண்மைதான். வால் பக்கம் மட்டும் அன்று முழுக்க 100இல் ஓடியிருக்கும். நாம் பெரும்பாலும் புதியவர்களை எங்கே விடுகிறோம்? கடைசியில். அவர்கள் இருக்க வேண்டிய இடம் லீடுக்கு அடுத்து. அங்கே வேகம் மிக நிதானமாக இருக்கும், லீடும் கண்ணாடியில் அவர்களைப் பார்த்துத் தன் வேகத்தை வைத்துக்கொள்ளலாம். ஊர் எல்லை தாண்டியதும் லீட் கொஞ்ச நேரம் 50இலேயே போனால் வால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

பிரேக்கும் இதில் சேரும். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம். ஆனால் நம் குழுக்களில் பழைய புல்லட்டும் வரும், டிரம் பிரேக் வண்டியும் வரும், இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உள்ள புது வண்டியும் வரும். நன்றாக நிற்கும் வண்டிக்குப் பின்னால் சரியாக நிற்காத வண்டி வரக்கூடாது. கிளம்பும்போது வரிசை போடுகிறவர் யார் நண்பர் யார் சீனியர் என்று பார்ப்பதை விட்டு, இதைப் பார்த்துப் போட வேண்டும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற இடங்களில் குழு என்பதே வேண்டாம். கீழே ஒரு டீக்கடை, மேலே ஒரு டீக்கடை, நடுவில் அவரவர் வண்டி அவரவர் வேகம். ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. நாம் இறங்கும்போது ஒட்டிக்கொண்டு வந்தால், ஏறி வரும் பேருந்துக்கு வழிவிட முதல் வண்டி நின்றதும் இரண்டாவது வண்டி அதன் மேல் ஏறும்.

குடியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. சாவி கையில் இருக்கும்வரை ஒரு சொட்டும் கூடாது. லீடுக்கும் இதே விதி. அவரிடம் இதைச் சொல்லும் உரிமை குழுவில் இளையவருக்கும் இருக்க வேண்டும். அண்ணே, நீங்க இப்போ ஓட்ட வேணாம், நைட் இங்கேயே தங்கிடலாம் என்று ஒரு தம்பி சொன்னால் அதில் கோபப்பட எதுவும் இல்லை. நியூ ஹாம்ப்ஷயரில் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஹெல்மெட் போட வேண்டும் என்ற சட்டம் கிடையாது. நம் நாட்டில் உண்டு, பின்னால் உட்காருகிறவருக்கும் உண்டு. பின்னால் உட்கார்ந்திருப்பவரின் தாடைப் பட்டை போட்டிருக்கிறதா என்று கிளம்பும் முன் ஸ்வீப் ஒவ்வொரு வண்டியாகப் போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

எல்லாம் செய்தும் விபத்து நடக்கலாம். அப்போது பெரிய குழு செய்யும் பெரிய தவறு, எல்லோரும் அங்கேயே வண்டியை விட்டுவிட்டு ஓடுவது. வளைவுக்குப் பின்னால் வரும் லாரிக்கு நாம் நிற்பது தெரியாது. ஆகவே யாருக்கு என்ன வேலை என்பது காலையிலேயே பெயர் சொல்லி முடிவாகியிருக்க வேண்டும். 108க்கு அழைப்பவர் ஒருவர். கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் ஊர் பெயரையும் சொல்லத் தெரிந்தவர். முதலுதவிப் பெட்டி வைத்திருப்பவர் ஒருவர், ரத்தக்கசிவை நிறுத்தப் பழகியவர். இரண்டு பேர் முன்னும் பின்னும் நூறு மீட்டர் தள்ளிப் போய் வரும் வண்டிகளை மெதுவாக்குவார்கள். மற்றவர்கள் வண்டியைச் சாலையை விட்டு முழுதாக இறக்கிவிட்டு, கூப்பிட்டால் மட்டும் வருவார்கள். விழுந்தவரின் ஹெல்மெட்டை அவசரப்பட்டு யாரும் கழற்றக் கூடாது. மூச்சு அடைத்தால் மட்டும், ஒருவர் கழுத்தைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் கழற்ற வேண்டும். எல்லோருடைய ரத்த வகையும் வீட்டாரின் எண்ணும் எழுதிய தாள் ஒவ்வொரு சிறு குழுவின் ஸ்வீப்பிடமும் இருக்கும். போனில் இருந்தால் போதாது, மலையில் சார்ஜும் இருக்காது சிக்னலும் இருக்காது.